சாலையோரச் சரித்திரம் – 9: அன்னம் ஏறிய கோபுரம்

அமெரிக்காவில் சாலையோரச் சரித்திரப் பலகை கண்ணில் பட்டால் மேலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். முதலில் கடைசி வரியைப் பாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும். காரை ஓரங்கட்டி இறங்கி வருபவர்களில் அநேகம் பேர் அந்த வரி வரை வருவதில்லை. யார் நட்டார்கள், எந்த ஆண்டில் நட்டார்கள் என்ற விவரம் அங்கேதான் இருக்கிறது. மேலே இருப்பது ஊரின் கதை. கீழே இருப்பது அந்தக் கதையைச் சொன்னவரின் முகவரி.

சென்ற வாரம் வர்ஜீனியாவில் இருந்தோம். 1927-ல் அந்த மாநிலம் ரிச்மண்டுக்கும் அலெக்சாண்ட்ரியாவுக்கும் இடையிலான முதலாம் எண் நெடுஞ்சாலையில் பலகைகளை நட ஆரம்பித்த கதையைப் பார்த்தோம். அதே 1927-ல் ஒஹாயோ மாநிலத்து மேரியட்டா நகரில் ஹாஸ் என்பவர் இந்தப் பலகைகளை வார்ப்பதற்கென்றே ஒரு பட்டறை போட்டார். தன் பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு ‘சேவா ஸ்டூடியோஸ்’ என்று வைத்தார். இன்றும் பல மாநிலங்களுக்குப் பலகை அங்கிருந்துதான் போகிறது. வேலை நம் ஊர் வார்ப்புப் பட்டறைகளில் நடப்பதுதான். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பலகையில் பதித்து அச்சு செய்வார்கள். அதை மணலில் அழுத்தி எடுப்பார்கள். உருகிய அலுமினியத்தை அந்தப் பள்ளத்தில் ஊற்றுவார்கள். ஆறியதும் பிசிறு தட்டி, முழுவதும் வர்ணம் பூசி, புடைத்து நிற்கும் எழுத்துகள் மேல் மட்டும் உருளையை ஓட்டி வேறு வர்ணம் ஏற்றுவார்கள். வார்த்துவிட்டால் திருத்த முடியாது. ஒரு எழுத்து தப்பினாலும் பலகையையே மாற்ற வேண்டும். அதனால் வாசகத்தை முன்கூட்டியே சுண்டக் காய்ச்சிவிடுவார்கள். நூறு, நூற்றைம்பது சொற்களுக்குள் ஒரு ஊர் பிறந்து, வாழ்ந்து, செத்துவிட வேண்டும்.

ஜார்ஜியா இந்த வேலைக்குச் சற்றுத் தாமதமாக வந்தது. 1951-ல் ஜார்ஜியா சரித்திர ஆணையம் என்று ஒன்றை அமைத்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பலகை முளைத்தது. உச்சியில் வட்டமாக மாநில முத்திரை, அடியில் ஒரு எண். 051 என்று தொடங்கினால் எஃபிங்ஹாம் கவுண்டி, 089 என்றால் லிபர்ட்டி கவுண்டி. கவுண்டிகளை அகரவரிசையில் அடுக்கி எண் கொடுத்திருக்கிறார்கள். இந்த வாரம் நமக்கு வேண்டியது இந்த இரண்டு எண்கள்தாம்.

முதலில் 051. சவானா நகரத்திலிருந்து வடக்கே நாற்பது கிலோமீட்டர் போனால் சவானா ஆற்றின் கரையில் எபனேசர். நம் பக்கத்தில் எபனேசர் என்றால் ஆள் பெயர். பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் தெருவுக்கு ஒருவர் இருப்பார். வேதாகமத்தில் சாமுவேல் தீர்க்கதரிசி வெற்றியின் நினைவாக நட்ட கல்லுக்குப் பெயர் அது. ஜார்ஜியாவில் அது ஊர்ப் பெயர். ஊர் என்று சொன்னாலும் இப்போது அங்கே ஒரு கோயில், ஒரு கல்லறைத் தோட்டம், ஒரு சிறு அருங்காட்சியகம், ஒரு பழைய வீடு, இவ்வளவுதான். மற்றதெல்லாம் மரங்கள்.

கதை ஐரோப்பாவில் ஆரம்பிக்கிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் அப்போது ஒரு கத்தோலிக்கப் பேராயரின் ஆட்சியில் இருந்தது. பேராயர் ஃபிர்மியன் 1731 அக்டோபர் 31 தேதியிட்டு ஒரு ஆணை போட்டார். லூத்தரன் மதத்தைப் பின்பற்றுகிறவர்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். நிலம் இல்லாத கூலிக்காரர்களுக்குக் கொடுத்த கெடு எட்டு நாள். குளிர்காலம் தொடங்கும் நேரம், மலை நாடு. ஏறக்குறைய இருபதாயிரம் பேர் வெளியேறினார்கள். பெரும்பான்மையோரைப் பிரஷ்ய அரசர் அழைத்துக் கிழக்கே குடியேற்றினார். மிகச் சிறிய ஒரு கூட்டம் மட்டும் கப்பலேறி, 1734 மார்ச் 12 அன்று சவானாவில் இறங்கியது. ஜார்ஜியா குடியேற்றம் தொடங்கி அப்போதுதான் ஒரு வருடம் ஆகியிருந்தது.

அவர்களோடு இரண்டு போதகர்கள் வந்தார்கள்: யோஹான் மார்ட்டின் போல்ட்சியஸ், இஸ்ரேல் கிறிஸ்டியன் குரோனாவ். இருவரும் ஜெர்மனியின் ஹாலே நகரில், பிராங்கே அனாதை விடுதியோடு சேர்ந்த பள்ளியில் ஆசிரியர்களாக இருந்தவர்கள்.

ஹாலே என்றதும் தமிழ் வாசகர்களுக்கு மூளையில் மணி அடித்திருக்க வேண்டும். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஐயரும் அந்த வட்டத்தில் உருவானவர்தான். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட அச்செழுத்து வார்த்து அனுப்பியது ஹாலே. லண்டனில் கிறிஸ்தவ அறிவைப் பரப்பும் எஸ்.பி.சி.கே. சங்கம் தரங்கம்பாடிக்கும் பணம் அனுப்பியது, எபனேசருக்கும் அனுப்பியது. இரண்டு இடத்துக் கடிதங்களும் லண்டன் அரண்மனைப் போதகர் சீகன்ஹாகனின் மேசையைத் தாண்டித்தான் போயின. சோழமண்டலக் கரையில் ஒரு முனை, சவானா ஆற்றங்கரையில் இன்னொரு முனை, நடுவில் ஹாலே. தரங்கம்பாடியில் சீகன்பால்கு கட்டி 1718-ல் திறந்த கோயிலுக்குப் புதிய எருசலேம் ஆலயம் என்று பெயர். எபனேசரில் 1767-ல் தொடங்கி 1769-ல் முடித்த செங்கல் கோயிலுக்கும் எருசலேம் என்றே பெயர். ஹாலே காப்பகத்தில் இன்றைக்கும் தமிழ் ஓலைச்சுவடிகளும் எபனேசர் கடிதங்களும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

எருசலேம் கோயிலின் முன்னால் நிற்கும் பலகை நாடுகடத்தலையும், போதகர்கள் பெயரையும், கட்டிய ஆண்டையும் சொல்கிறது. தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஊரின் கதையைச் சுருக்கிச் சொல்லும் வேலை 1950-களில் ஆரம்பித்ததல்ல. அது குடியேறிய முதல் வருடமே ஆரம்பித்துவிட்டது.

போல்ட்சியஸ் தினமும் நாட்குறிப்பு எழுதினார். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, யார் குடித்தார், எந்த அதிகாரி விதை தராமல் இழுத்தடித்தார், எல்லாம் அதில் உண்டு. அது ஜெர்மனிக்குப் போகும். ஆக்ஸ்பர்க் நகரில் சாமுவேல் உர்ல்ஸ்பெர்கர் என்ற பெரிய போதகர் அதைப் பதிப்பித்தார். படிப்பவர்கள் நன்கொடையாளர்கள் அல்லவா? சச்சரவுகளைச் சீவினார். ஆள் பெயர்களை எடுத்தார். அதிகாரிகள் மனம் கோணக்கூடிய வரிகளை அடித்தார். இருபதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபென்விக் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் அந்த வரிசையை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது, ஹாலேயில் இருந்த கையெழுத்துப் பிரதிகளோடு ஒப்பிட்டு, வெட்டுப்பட்ட பகுதிகளைத் தேடிச் சேர்த்தார். பதினெட்டுத் தொகுதிகள். பக்தியான ஏழை ஜனங்களின் அமைதியான கிராமம் என்று நூற்றாண்டுகளாக நின்ற சித்திரத்தில் பாதி உர்ல்ஸ்பெர்கரின் கத்தரிக்கோல் செய்தது.

தரங்கம்பாடிக்கும் இதே கத்தரிக்கோல் வந்தது. சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு பெரிய நூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அஞ்ஞானத்தை வேரறுக்கத்தானே அனுப்பினோம், அதை இங்கே கொண்டுவந்து பரப்பவா என்ற தோரணையில் ஹாலே விடுதியை நிறுவிய பிராங்கே அதை மூட்டை கட்டி வைத்துவிட்டார். அந்த நூல் அச்சேறியது 1867-ல், அதுவும் நம் சென்னையில். ஒன்றரை நூற்றாண்டு காத்திருப்பு.

சுருக்கி எழுதுகிறவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் ஒரு வாசகரை மனதில் வைத்து எழுதுகிறார்கள். உர்ல்ஸ்பெர்கருக்கு அது நன்கொடையாளர். 1950-களின் ஆணையத்துக்கு அது குடும்பத்தோடு காரில் விடுமுறைக்குப் போகும் வெள்ளைக்காரர்.

கோயிலுக்கு வருவோம். சுவர் இருபத்தொரு அங்குலக் கனம். செங்கல்லை ஆற்றங்கரைக் களிமண்ணில் அவர்களே அறுத்துச் சுட்டிருக்கிறார்கள். சில கற்களில் விரல் பதிந்த தடம் இருக்கிறது. ஈரக் கல்லைத் தூக்கி அடுக்கியபோது பட்டது. குழந்தைகளின் விரல் என்று அங்கே சொல்கிறார்கள். அளவைப் பார்த்தால் நம்பலாம். கோபுர உச்சியில் சிலுவை இல்லை. உலோகத்தில் செய்த அன்னம் ஒன்று நிற்கிறது. லூத்தரின் சின்னம் அன்னம். லூத்தருக்கு நூறு வருடம் முன்பு எரிக்கப்பட்ட யான் ஹுஸ், இன்று வாத்தைச் சுடுகிறீர்கள், நாளை வரப்போகும் அன்னத்தை உங்களால் சுட முடியாது என்று சொன்னதாக ஒரு ஐதீகம். அந்த அன்னத்தின் உடம்பில் ஒரு ஓட்டை. விடுதலைப் போரில் துப்பாக்கிக் குண்டு துளைத்தது. 1779-ல் பிரிட்டிஷ் படை எபனேசரைப் பிடித்தது. கோயிலை முதலில் மருத்துவமனையாகவும் பிறகு குதிரை லாயமாகவும் பயன்படுத்தியது. போர் முடியும் தறுவாயில், 1782-ல் கொஞ்ச காலம் ஜார்ஜியாவின் தலைநகரமே எபனேசர்தான். அந்த மதிப்பு ஊரைக் காப்பாற்றவில்லை. ஓடிப்போனவர்களில் பலர் திரும்பவில்லை. பட்டுப்பூச்சி வளர்ப்பு செத்தது. ஆலைகள் நின்றன.

இதற்கு முந்தைய சாவு ஒன்றும் உண்டு. 1734-ல் முதலில் ஆங்கிலேயர் ஒதுக்கிக் கொடுத்த இடம் இது அல்ல. உள்ளே தள்ளி, மணல் பூமி, ஓடையில் படகு போகாது, காய்ச்சலில் ஜனம் விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு வருடம் மன்றாடித்தான் 1736-ல் ஆற்றங்கரை மேட்டுக்கு இடம்பெயர அனுமதி வாங்கினார்கள். ஆக, ஜார்ஜியாவில் எபனேசர் இரண்டு. இரண்டுமே போய்விட்டன. மிஞ்சியது கோயில் மட்டும்.

பலகையில் ஏற இடம் கிடைக்காத விஷயம் அடிமைகள். ஜார்ஜியா தொடங்கியபோது அங்கே அடிமை வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம். பக்கத்துத் தென் கரோலினாவைப் பார்த்து, எங்களுக்கும் அனுமதி கொடுங்கள் என்று சவானா வியாபாரிகள் கேட்டார்கள். 1739-ல் எபனேசர் ஜனங்கள் எழுத்து மூலம் பதில் அனுப்பினார்கள்: கூடாது. எங்களால் இந்த வெயிலில் உழைக்க முடிகிறது, நெல் விளைகிறது, அடிமை வேண்டாம். அமெரிக்கக் குடியேற்றங்களில் இந்த மாதிரி மனு அபூர்வம். போல்ட்சியஸ் பத்து வருடம் விடாப்பிடியாக நின்றார். 1751 ஜனவரியில் தடை நீங்கியது. பிறகு எபனேசரிலும் அடிமைகள் வந்தார்கள். பின்னால் வந்த போதகர்களில் ஒருவரான ராபன்ஹார்ஸ்ட் அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தினார். அதைப் பெரிய வீழ்ச்சிக் கதையாகச் சொல்லலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஒரே ஊர், ஒரே கோயில், ஒரே ஜெபப் புத்தகம், பன்னிரண்டு வருட இடைவெளியில் இரண்டு பதில்களைத் தந்தது என்பதுதான். இதை நூறு சொற்களில் எழுதிப் பாருங்கள், சிரமம் புரியும்.

அதேபோல யூச்சி இனத்தார். எபனேசருக்குக் குடியேறிகள் வருவதற்கு முன்பே ஆற்றின் ஓரமாக அவர்களின் ஊர்கள் இருந்தன. குடியேறிகளோடு வந்த ஃபான் ரெக் என்ற இளைஞர் 1736-ல் யூச்சிகளை வர்ணத்தில் வரைந்தார். முகத்தில் தீட்டிய கோலம், மேலே போர்த்திய கம்பளி, தீயைச் சுற்றி ஆட்டம், அவர்கள் வேட்டையாடிய மிருகம். அந்தப் படங்கள் இப்போது கோபன்ஹேகன் அரச நூலகத்தில் இருக்கின்றன. தரங்கம்பாடியை ஆண்ட டென்மார்க்கின் தலைநகரில்! யூச்சிகளின் சந்ததியார் இப்போது ஓக்லஹோமாவில்.

ஒரு இடைச்செருகல். மெதடிஸ்ட் சபையை நிறுவிய ஜான் வெஸ்லி அப்போது சவானாவில் இளம் பாதிரியார். 1737-ல் போல்ட்சியஸ் சவானா வந்தபோது வெஸ்லி அவருக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். காரணம், முறையான பேராயர் வழியில் வராதவர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது. மதத்துக்காக நாட்டையே இழந்தவரிடம் பேசுகிற பேச்சு! பன்னிரண்டு வருடம் கழித்து, போல்ட்சியஸிடமிருந்து வந்த கடிதம் ஒன்றைத் தன் நாட்குறிப்பில் வெளியிட்டு, வெஸ்லி அதற்காக வருந்தினார்.

இனி 089. சவானாவுக்குத் தெற்கே, 17-ஆம் எண் நெடுஞ்சாலையில் மிட்வே. பலகை, சாலைக்கு நெருக்கமாக வெள்ளை மரக் கோயில், எதிர்ப்புறம் மதில் சூழ்ந்த கல்லறைத் தோட்டம், தலைக்கு மேல் பாசி தொங்கும் ஓக் மரங்கள். இந்தச் சபை நடந்த தூரம் பெரிது. மாசசூசெட்ஸின் டார்செஸ்டரிலிருந்து 1695-ல் கிளம்பித் தென் கரோலினாவில் இன்னொரு டார்செஸ்டர் அமைத்தார்கள். நிலம் போதாமல் 1752-ல் ஜார்ஜியாவுக்கு வந்து சதுப்பு நிலத்தில் நெல் பயிரிட்டார்கள். 1778-ல் பிரிட்டிஷ் படை கோயிலை எரித்தது. இப்போது நிற்பது 1792-ல் கட்டியது. சுதந்திரப் பிரகடனத்தில் ஜார்ஜியா சார்பில் கையெழுத்திட்டவர்கள் மூவர். அவர்களில் இருவர், லைமன் ஹாலும் பட்டன் குவின்னெட்டும், இந்தப் பகுதிக்காரர்கள். கவுண்டிக்கு லிபர்ட்டி என்று பெயர் வைத்தது அந்தப் பெருமையில். தந்தி கண்டுபிடித்த மோர்ஸின் அப்பா கொஞ்ச காலம் இங்கே போதகர்.

மிட்வே கோயிலில் உள்ளே மூன்று பக்கமும் மாடம் உண்டு. அடிமைகள் உட்காரும் இடம் அது. கீழே சுதந்திரத்துக்காகக் கையெழுத்திட்டவர்களின் வாரிசுகள், மேலே அவர்களின் நெல்வயல்களில் முழங்கால் சேற்றில் நின்றவர்கள். லிபர்ட்டி கவுண்டி என்று ஒரு நிமிடம் சொல்லிப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

மிட்வேயின் துறைமுகம் சன்பரி, 1758-ல் மனை பிரித்த ஊர். ஏறக்குறைய ஐந்நூறு மனைகள், மூன்று சதுக்கங்கள், கப்பல் போக்குவரத்தில் சவானாவோடு போட்டி. 1778 நவம்பரில் பிரிட்டிஷார் அங்கிருந்த கோட்டையை ஒப்படைக்கச் சொன்னபோது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று கர்னல் மக்கின்டாஷ் பதில் அனுப்பினார். இந்த வீர வசனம் பலகைக்கு அளவெடுத்துத் தைத்தது, எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் ஆறே வாரத்தில், 1779 ஜனவரியில், கோட்டை விழுந்தது. போர், பிறகு 1804-லும் 1824-லும் புயல், இடையில் மஞ்சள் காய்ச்சல். கவுண்டித் தலைநகரம் வேறு ஊருக்குப் போனது. இன்றைக்கு சன்பரியில் கல்லறைக் கற்கள் முப்பத்துச் சொச்சம் இருக்கின்றன. ஊர் இல்லை.

இப்படிச் செத்த ஊர்களைப் பற்றி 1878-லேயே சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ் ஜூனியர் ‘ஜார்ஜியாவின் மாண்ட ஊர்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். எபனேசரும் சன்பரியும் அதில் உண்டு. பலகை எழுதியவர்களுக்குக் கைநூல் போன்றது அது. ஜோன்ஸின் அப்பா லிபர்ட்டி கவுண்டித் தோட்ட முதலாளி. அடிமைகளுக்கு வேதம் போதிப்பதற்கென்றே பெயர் பெற்ற போதகர். மகன் உள்நாட்டுப் போர் தொடங்குவதற்கு முன் சவானா மேயர், போரில் தென்மாநிலப் படை அதிகாரி. தோற்ற பிறகு எழுத உட்கார்ந்தவர், தாத்தாக்கள் காலத்து ஊர்களை இழந்த சொர்க்கமாகப் பார்த்ததில் ஆச்சரியம் என்ன? உழைப்பாளியான ஆய்வாளர், சந்தேகமில்லை. மனைக் கணக்கை நம்பலாம். பெருமூச்சைக் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்.

1998 முதல் ஜார்ஜியாவில் பலகை நடும் பொறுப்பு ஜார்ஜியா சரித்திரச் சங்கத்திடம் இருக்கிறது. 1839-ல் தொடங்கிய பழைய சங்கம். யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஆதாரம் காட்ட வேண்டும். பாட்டி சொன்னார் என்றால் போதாது. கடைசி வரியில் இந்தச் சங்கத்தின் பெயர் வர ஆரம்பித்த பிறகு மேல் வரிகளும் மாறின. 2008-ல் சவானாவில் ஒரு பலகை வைத்தார்கள். 1859 மார்ச்சில் இரண்டு நாள், கொட்டும் மழையில், குதிரைப் பந்தய மைதானத்தில் 436 ஆண், பெண், குழந்தைகளை ஏலத்துக்குக் கொண்டுவந்த இடம் அது. அந்த மைதானத்து லாயங்களில்தான் அவர்களை அடைத்து வைத்திருந்தார்கள். நூற்றைம்பது வருடம் அந்த இடத்தில் எந்தக் குறிப்பும் இல்லை.

2010-ல் மாநிலத்தின் தெற்கு எல்லைப் பக்கம் இன்னொரு பலகை, மேரி டர்னருக்கு. 1918-ல் கணவனைக் கும்பல் கொன்றதை எதிர்த்துப் பேசியதற்காக, நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தவரையும் கும்பல் கொன்றது. பலகை நட்டுச் சில வருடங்களிலேயே அதன் மேல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்திருந்தது. பிறகு மேலும் பாய்ந்தன. வண்டியால் மோதியும் பார்த்தார்கள். 2020-ல் அந்தப் பலகையைக் கழற்ற வேண்டியதாயிற்று. எபனேசர் அன்னத்தின் ஓட்டை எதிரிப் படை போட்டது, காலம் ஆகிவிட்டது, வருகிறவர்களுக்குக் கைகாட்டிச் சொல்கிறார்கள். இது நம் காலத்தில் போட்டது. சன்பரியைப் பற்றிய பலகையை யாரும் சுட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த வாரம் தென் கரோலினாவின் டார்செஸ்டர். மிட்வேக்காரர்கள் விட்டுவிட்டு வந்த அந்த ஊர். அங்கே சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பும் உடைத்த சிப்பியும் மணலும் கலந்து எழுப்பிய ஒரு கோட்டைச் சுவரும், கோயில் இல்லாத ஒரு மணிக்கூண்டும் நிற்கின்றன.

(தொடரும்)